சிறந்த ஒப்பனை, முதல் பரிசு

அய்யா,

நேற்று உங்கள் பேத்தி அந்த ஷீல்டை வாசித்துவிட்டாள்.

ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவை விருதுநகருக்கே கூட்டிவந்துவிட்டோம். அம்மா கொண்டுவந்தது ஒரே ஒரு தகரப்பெட்டி. வந்து பத்து நாள்வரை அதை யாரையும் தொட விடவில்லை. நேற்று சாயங்காலம் என்ன நினைத்தாளோ, பாப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு திறந்தாள். திறந்ததும் வீடு முழுக்கக் கரி வாசம். நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது. உள்ளே இருந்த வேட்டிகளெல்லாம் துவைத்து மடித்து வைத்தவைதான். இருந்தும் அந்த வாசம் போகவில்லை. காப்பி டம்ளரைக் கையில் வைத்திருந்தவன் குடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வேட்டிகளுக்கு நடுவிலிருந்து பாப்பா அதை எடுத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரப்பலகை, அதன்மேல் ஒட்டிய மஞ்சள் தகடு. அவள் இங்கிலீஷ் மீடியம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். “சிறந்த... ஒப்... பனை. முதல் பரிசு. அப்பா, ஒப்பனைன்னா அது என்ன பனைப்பா?” என்று கேட்டாள். பனையுமில்லை தென்னையுமில்லை, ஒப்பனை என்றால் மேக்கப் என்று உங்கள் மருமகள் அடுப்படியிலிருந்து சொன்னாள். “அப்போ தாத்தா நாடகத்துல நடிச்சாரா?” என்று பாப்பா என் முகத்தைப் பார்த்தாள்.

உடம்பெல்லாம் கூசிப்போனது அய்யா. கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். கடையில் ஒரு வேலையுமில்லை. உங்கள் விஷயத்தில் மட்டும் எனக்குப் பொய் எப்போதும் சுலபமாக வந்துவிடுகிறது.

எழுதப் படிக்கத் தெரியாத உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன் பாருங்கள். நீங்கள் இருந்திருந்தால் இதையும் என்னிடம்தான் நீட்டி, “என்னய்யா எழுதிருக்கு?” என்று கேட்டிருப்பீர்கள். இந்தத் தடவையாவது எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கிறேன்.

நான் பத்தாவது படித்த வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில் நம் ஊர் விலக்கில் ஏறி, தினமும் அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் போய்ப் படித்தேன். நீங்களும் அம்மாவும் காட்டில் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். சீமைக்கருவேலத்தை வெட்டி, கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே செத்தையைப் போட்டு, மண்ணைப் பூசி மூடித் தீ வைப்பீர்கள். பிறகு வாரக்கணக்கில் அதைச் சுற்றிச் சுற்றி வருவீர்கள். எங்காவது மண் விரிசல் விட்டுக் காற்றுப் புகுந்துவிட்டால் உள்ளே தீப்பற்றி அத்தனையும் சாம்பலாகிவிடும் என்பதால் தூங்கும்போதும் ஒரு கண் மூட்டத்தின் மேல்தான் இருக்கும். மூட்டம் பிரித்த நாளில் உங்கள் முகத்தில் பல்லும் கண்ணும் மட்டும்தான் தெரியும். சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிடப்பதும் இமையோரத்தில் கிடப்பதும் போகாது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்துவிடாதீர்கள் என்று உங்களிடம் ஏழாவதிலேயே சொல்லிவைத்திருந்தேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை.

எனக்குப் பிடித்த முகம் வேறு ஒன்று. அந்த நடிகரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் மேல் ஒரு குற்றமுமில்லை, அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது. ரசிகர் மன்றத்தில் நாங்கள் அவரை ‘நம்மாளு’ என்போம். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

நம்மாளு மேல் எனக்கு இருந்தது கிறுக்கு. நோட்டு அட்டைக்குள் அவர் படம், பெல்ட் பக்கிளில் அவர் படம், நடை அவர் நடை. கரிச்சாக்குகள் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு தினமும் ஒரே கனவைக் காண்பேன். நரிக்குடி ரோட்டில் அவருடைய கார் நின்றுபோகும். தண்ணீர் கேட்டு அவர் நடந்து வருவார். நான் செம்பில் கொடுப்பேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு என் தோளில் கைபோட்டு, “இவன் என் தம்பி, இனிமே என்கூடத்தான் இருப்பான்” என்பார். அப்புறம் காரில் ஏறி மெட்ராஸ் போய்விடுவோம். அந்தக் கனவை எத்தனையோ விதமாக மாற்றி மாற்றிக் கண்டிருக்கிறேன். ஒன்றில்கூட நீங்கள் வந்ததில்லை. நான் படுத்திருந்த சாக்கைத் தைத்தது நீங்கள்தான்.

அவருக்குக் கடிதம் எழுதி, பதிலுக்கு ஒரு போட்டோ வந்தது ஞாபகமிருக்கிறதா? கையெழுத்து அச்சடித்தது, எல்லோருக்கும் போவதுதான். எனக்கு அப்போது அது தெரியவில்லை. நீங்கள் பார்க்கக் கை நீட்டினீர்கள். “கரிக் கையோட தொடாதீங்கய்யா” என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். நீங்கள் போய்த் தொட்டித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவி, துண்டின் உள்பக்கத்தில் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தீர்கள். “நல்லா செவப்பா இருக்காக” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தீர்கள். நான் போட்டோவில் கறை படிந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

அந்த வருஷம்தான் அந்தப் படம் வந்தது. நம்மாளு அதில் கரிமூட்டக்காரர். முகமெல்லாம் கரி, தோளில் கட்டை, தலையில் உருமாக்கட்டு. முதலாளியைப் பார்த்து அவர் பேசுகிற வசனத்துக்குத் தியேட்டர் கூரை பிய்ந்துபோகும்: “என் கையில இருக்கிறது கரி, உன் மனசுல இருக்கிறது கறை!” நான் ஐந்து தடவை பார்த்தேன். ஐந்து தடவையும் அழுதேன். வீட்டுக்கு வந்ததும் உங்களைப் பார்த்தால் எரிச்சல் வந்தது. அவர் முகத்தில் இருந்தால் அழகு, உங்கள் முகத்தில் இருந்தால் அசிங்கம். அப்படித்தான் என் புத்தி வேலை செய்தது.

இன்னொன்றும் உண்டு. மன்றத்துப் பையன்களிடம் நான் உங்களைக் கரி வியாபாரி என்று சொல்லியிருந்தேன். லாரியெல்லாம் ஓடுகிறது என்று வேறு அளந்துவிட்டிருந்தேன். அதனாலேயே எனக்கு அங்கே ஒரு மரியாதை.

மூட்டத்தடியில் நின்று அந்த வசனத்தை நான் பேசிப் பேசிப் பழகியதை நீங்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்வீர்கள். ஒருநாள், “ஏய்யா, மூட்டம் போடுறத சினிமாவுல காட்டுறாகளாமே. எப்படி அடுக்குறாகன்னு ஒருக்கா பாக்கணும்” என்றீர்கள். அதெல்லாம் உங்களுக்குப் புரியாது என்று சொல்லிவிட்டேன்.

படத்தின் இருபத்தைந்தாம் நாளுக்கு மன்றத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். நம்மாளு மாதிரியே கெட்டப் போட்டு வருகிறவருக்குப் பரிசு. அன்று காலையில் அம்மாவின் மாவுச் சல்லடையில் நம் கரியைச் சலித்து, தேங்காயெண்ணெயில் குழைத்து, கண்ணாடி பார்த்துப் பூசிக்கொண்டேன். அருப்புக்கோட்டைத் தியேட்டர் வாசலில் என்னைப்போல இருபது பேர். கண்மை பூசியவன், புருவப் பென்சிலால் கோடிழுத்தவன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என்னுடையதுதான் நிஜக் கரி. பரிசு எனக்குத்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். பின்தெருவில் கரியை மொத்தமாக வாங்கி அடுக்குகிற கிட்டங்கியில் லோடு இறக்கிவிட்டு நேராக வருகிறீர்கள். மடித்துக் கட்டிய கைலி, கிழிந்த பனியன், உருமாக்கட்டு, இமை மயிர்வரைக்கும் கரி. காட்சிக்கு நேரமாகிவிடுமே என்று குளிக்காமல் வந்திருக்கிறீர்கள். கையில் டிக்கெட்டுக்கு வைத்திருந்த ரூபாயைப் பொத்திக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துத் தயங்கி நின்றீர்கள்.

மன்றச் செயலாளர் ஒரு தையல்காரர். அவர்தான் முதலில் உங்களைப் பார்த்தார். “இந்தா வந்துட்டார்யா அசலு! என்னா கெட்டப்பு!” என்று மைக்கில் சொன்னார். நான்கு பேர் உங்களைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய் பெஞ்சு மேல் ஏற்றினார்கள். ஒருவன் கைக்குட்டையை நனைத்து உங்கள் கன்னத்தைத் துடைத்துப் பார்த்தான். வரவில்லை. எதில் போட்ட மேக்கப் என்று கேட்டார்கள். கரிதான் என்றீர்கள். தெருவே சிரித்தது.

உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டத்தில் தேடினீர்கள். என்னைக் கண்டுபிடித்தீர்கள். பூச்சுப் பூசிய இருபது முகங்களில் உங்களுக்கு என் முகம் தெரிந்துவிட்டது. உடனே சிரித்தீர்கள் அய்யா. ‘அந்தா எம்மகன்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தீர்கள்.

நான் தலையை ஆட்டினேன். கொஞ்சம்தான். வேண்டாம் என்று.

நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள். எந்த ஊர், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று செயலாளர் மைக்கை நீட்டினார். “தனியாத்தேன் வந்தேன்” என்றீர்கள்.

டயலாக் சொல்லுங்கள் என்று கத்தினார்கள். உங்களுக்கு அது தெரியும், படம் வந்ததிலிருந்து நான் உங்கள் காதுபடக் கத்தியதுதானே. யாரையும் பார்க்காமல், கட்டை அடுக்கும்போது ஆள்களிடம் சொல்கிற அதே குரலில் சொன்னீர்கள்: “என் கையில இருக்கது கரி.” அதோடு நிறுத்திவிட்டீர்கள். மறுபாதி வரவில்லை. மறந்துவிட்டதா, சொல்ல வேண்டாமென்று விட்டுவிட்டீர்களா? இத்தனை வருஷத்தில் இதை எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன். கூட்டம் காத்திருக்கவில்லை. மறுபாதியை மொத்தத் தெருவும் சேர்ந்து முழங்கியது. நானும் முழங்கினேன். இரண்டு விரலை வாயில் வைத்து விசிலும் அடித்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது இதை எழுதும்போது. அதைவிடக் கேவலம் ஒன்று சொல்கிறேன். உங்கள் கையில் ஷீல்டைக் கொடுத்தபோது எனக்கு வந்தது பொறாமை. எனக்கு வர வேண்டிய பரிசு போய்விட்டதே என்று இருந்தது.

உங்களை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். நான் பின்னால் பையன்களோடு உட்கார்ந்தேன். படம் விட்டதும் பஸ் ஸ்டாண்டில் ஒரு கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். என் கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் போய் முடிகிறவரைக்கும் பக்கத்தில் வரவில்லை. திருச்சுழி பஸ்ஸில் நான் ஏறி உட்கார்ந்த பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அந்த மாதிரி நிற்க உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பஸ் கிளம்பிய பிறகு படத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னீர்கள். “மூட்டத்துல தீ கொழுந்துவிட்டு எரியிற மாதிரி காட்டுறாக. எரிஞ்சா சாம்பதானய்யா கெடைக்கும்?” எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. பிறகு மடியிலிருந்து ஷீல்டை எடுத்து என்னிடம் நீட்டினீர்கள்.

“என்னய்யா எழுதிருக்கு?”

தகட்டைப் பார்த்தேன். வாசித்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவர்கள் உங்களை வேஷக்காரர் என்று நினைத்ததை, சிரித்தது எதற்கென்பதை, நான் ஏன் தலையை ஆட்டினேன் என்பதை. “சிறந்த உழைப்பாளி, முதல் பரிசு” என்றேன்.

“அப்படியா?” என்றீர்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். “நம்ம வேலைக்கெல்லாம்கூடப் பரிசு குடுக்காகளா” என்று சொல்லிவிட்டு, துண்டின் உள்பக்கத்தால் அதைத் துடைத்தீர்கள். பந்தல்குடி வரும்வரை துடைத்துக்கொண்டே வந்தீர்கள் என்று எழுதலாமா என்று பார்த்தேன். அது நம் பஸ் போகிற ரோடே இல்லை. உங்களைப் பற்றி எழுதினாலும் எனக்கு அலங்காரம்தான் வருகிறது. ஒரு தடவைதான் துடைத்தீர்கள்.

வீட்டில் நம்மாளு போட்டோவுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினீர்கள். வந்துபோன சொந்தக்காரர்களிடமெல்லாம், “சிறந்த உழைப்பாளின்னு டவுனுல குடுத்தாக. எம்மகந்தேன் வாசிச்சான்” என்பீர்கள். நான் அந்த நேரம் பார்த்து வெளியே போய்விடுவேன். கொஞ்ச நாளில் போட்டோவைக் கழற்றி எறிந்தேன். கிறுக்கு விட்டுவிட்டது, படித்தேன், மருந்தாளுநர் படிப்பு முடித்து மருந்துக் கடைக்கு வேலைக்கு வந்தேன். ஷீல்டு மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைத்துக்கொண்டு ஊருக்கு வருவேன். சொல்லாமலே திரும்புவேன்.

கடைசியில் உங்களுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் என்னிடம் கேட்டார், என்ன வேலை பார்த்தார் என்று. “கரி வியாபாரம்” என்றேன். நாற்பது வயசை நெருங்கியவன், மருந்துக் கடையில் இருக்கிறவன், டாக்டர் எதற்குக் கேட்கிறார் என்று தெரிந்தவன், அப்போதும் வாயில் அதுதான் வந்தது. நீங்கள் முகத்திலிருந்த மாஸ்க்கை விலக்கிவிட்டு, “மூட்டம் போட்டேன் சார்” என்றீர்கள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேற்று கடையிலிருந்து திரும்பி வரும்போது பாப்பா ஷீல்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் கேட்டேன், அய்யா இதைச் சிறந்த உழைப்பாளி என்றுதானே கடைசிவரை நினைத்திருந்தார் என்று. அம்மா வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

“அந்த வாரமே கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை வாசிச்சுச் சொல்லிட்டாகளே. வேசத்துக்குக் குடுத்ததுன்னு. ‘எம்மகன் வேற மாதிரி வாசிச்சான், அது அப்படியே இருக்கட்டும்’னுட்டாக ஒங்கய்யா.”

தெரிந்துகொண்டேதான் அத்தனை பேரிடமும் சொன்னீர்களா? ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் சொல்ல வந்து சொல்லாமல் போனதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்களா? திட்டியிருக்கலாம் அய்யா. ஒரு அறை அறைந்திருக்கலாம். அது என்றைக்கோ ஆறிப்போயிருக்கும்.

பாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெஞ்சு மேல் ஏற்றியதை, கைக்குட்டையை, நான் தலையாட்டியதை, பஸ்ஸில் வாசித்ததை. ஒன்றையும் விடவில்லை. நான் பொய் சொன்னதைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். “விசில் எதுக்குப்பா அடிச்ச?” என்றாள்.

ஷீல்டை இங்கே மாட்டவில்லை. பெட்டியிலும் திருப்பி வைக்கவில்லை. கடையில் என் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் காரியாபட்டி, நரிக்குடிப் பக்கத்திலிருந்து வருகிற பெரியவர்கள். மாத்திரை அட்டையை நீட்டி, “என்ன தம்பி எழுதிருக்கு?” என்பார்கள். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே, அவசரமாக இருந்தாலும், இரண்டு தடவை வாசித்துச் சொல்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் இதுவரை யாரையும் ஏமாற்றவில்லை.

இன்று காலையில் கை நகமெல்லாம் கறுத்த ஒருவர் வந்தார். உங்களைப்போலவே இருமல். மருந்தைக் கொடுத்துவிட்டு, எப்படிச் சாப்பிட வேண்டுமென்று உங்கள்கூட வந்தவர்களிடமும் சொல்லிவிடுகிறேன், யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

“தனியாத்தேன் வந்தேன்” என்றார்.

நான் மேசையை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து, தெருவில் யாராவது தள்ளி நிற்கிறார்களா என்று பார்த்தேன்.